வாகன வேக எச்சரிக்கை: மட்டக்களப்பு, அம்பாறைச் சாரதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கராஜிலும் ஓட்டோத் தரிப்பிடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். இங்கு சொல்லும் வேகமெல்லாம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கில்தான்.

வேக எச்சரிக்கை எண்டா என்ன? வண்டி தானாகவே வேகத்தைக் குறைச்சிடுமா?

குறைக்காது. நீங்கள் வைத்த வேகத்தையோ அந்த வீதியின் வேக எல்லையையோ தாண்டியதும் சத்தம் போடும், அல்லது விளக்கைக் காட்டும். காலை எடுப்பது உங்கள் வேலை.

இதோடு குழப்பிக்கொள்ளும் சாமான்கள் இரண்டு. ஒன்று, சில கார்களில் ஸ்டியரிங்கில் பொத்தான் அமுக்கி வைக்கும் வேக வரம்பி. வைத்த வேகத்துக்கு மேல் அக்சிலேட்டர் வேலை செய்யாது, ஆனால் ஒரேயடியாக முழுக்க மிதித்தால் விட்டுக்கொடுக்கும். மற்றது, பஸ், லொறிகளில் எஞ்சினோடு பூட்டும் கவர்னர். அதைச் சாரதி மீற முடியாது. இந்தப் பக்கத்தில் பேசுவது எச்சரிக்கையைப் பற்றி மட்டும்.

எந்த வேகத்தை வைக்கிறது? எங்கட வீதியில பலகையே இல்லையே.

பலகை இல்லாத இடத்திலும் சட்டம் இருக்கிறது. கார், வான், மோட்டார் சைக்கிளுக்கு ஊர்மனைக்குள் 50, ஊர்மனைக்கு வெளியே 70. ஓட்டோவுக்கு 40. அதிவேகப் பாதையில் 100, ஆனால் கிழக்கில் அப்படி ஒரு பாதை இல்லை. எல்லை வாகன வகைக்கு ஏற்ப மாறுவதால் பஸ், லொறி, உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள் கார்காரரின் 70ஐத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகை வேறு எண்ணைக் காட்டினால் பலகைதான் சரி.

இங்குதான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கல்லடியில் இருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மருதமுனை என்று கல்முனை வரைக்கும், அதற்கப்பால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாகவும், ஏ4 வீதியோரம் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று தொடர்ந்துகொண்டே போகிறது. நடுவில் கொஞ்சம் வெளியான துண்டுகள் வந்தாலும் அடுத்த ஊர் சில நிமிடத்தில் வந்துவிடும். இந்தக் கரையோர வீதி முழுவதற்கும் எச்சரிக்கையை 50இல் வைத்துவிடுங்கள். 70 என்ற எண் வாழைச்சேனை தாண்டிப் புணாணைப் பக்கம், அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் ஊரில்லாத துண்டுகள் போன்ற இடங்களுக்கு.

என்ட காரில இது ஏற்கெனவே இருக்கா எண்டு எப்படிப் பார்க்கிறது?

மீற்றர் பலகையின் அமைப்புகளுக்குள் போய் வேக எச்சரிக்கை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானாலோ, மீற்றரில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழாலோ அதற்குள் போகலாம். வண்டி நின்றிருக்கும்போது மட்டும் திறக்கும் பட்டியல்களும் உண்டு.

ஜப்பானில் பாவித்து இறக்கிய கார்களில் பட்டியல் ஜப்பானிய மொழியில் இருக்கும். போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தால் போதும். மிகப் பழைய ஜப்பான் கார்கள் 100ஐத் தாண்டினால் மணியடிக்கும். 1970களின் நடுப்பகுதியில் இருந்து 1986 வரை அந்த நாட்டில் அது கட்டாயமாக இருந்தது. நம் வீதியில் அதற்கு வேலையில்லை.

ஜப்பான் கார்ல முன் கண்ணாடியில கமரா இருக்கு. ஆனா நம்மட பலகையைக் காட்டுதில்ல. கமரா பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. அந்தக் கமராவுக்குப் பழக்கியது ஜப்பானியப் பலகைகளை. அங்கே சிவப்பு வளையத்துக்குள் எண் நீல நிறத்தில் இருக்கும். நம்முடையதில் கறுப்பு. சில கார்கள் நம் பலகையையும் வாசித்துவிடும், சில தவறவிடும், சில லொறியின் பின்னால் ஒட்டிய வட்ட ஸ்டிக்கரைப் பலகை என்று எடுத்துக்கொள்ளும். காரோடு வந்த நவிகேஷனிலும் ஜப்பான் வரைபடம்தான் இருப்பதால் அதில் இருந்தும் உதவி கிடைக்காது.

கமரா சரியாக இருந்தும் ஒன்றும் காட்டாவிட்டால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புப் படலம் படியும். கமராவுக்கு முன்னால் உள்ள கையகல இடத்தை உள்ளும் வெளியும் துடையுங்கள். கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் கமராவைத் திரும்ப அளவு சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். பலகை வாசிப்பு மட்டுமல்ல, அதே கமராவை நம்பியிருக்கும் மோதல் தவிர்ப்புப் பிரேக்கும் பிசகக்கூடும்.

இந்தியக் கார் 80ல கத்துது. அப்ப 80 வரைக்கும் ஓடலாம் எண்டுதானே?

இல்லை. அது இந்தியச் சட்டத்துக்காக வைத்தது. 2019 ஜூலையில் இருந்து அங்கு விற்கும் புதுக் கார்கள் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் நிற்காமலும் ஒலிக்க வேண்டும். நம்மூர் எல்லைக்கும் அந்த 80க்கும் தொடர்பில்லை. அது ஒலிக்கும் நேரம் நீங்கள் 70ஐயும் தாண்டி முடித்திருப்பீர்கள். இதற்கு மேல் 50க்கு ஒரு எச்சரிக்கையை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

மீற்றர் 70 காட்டுது, போன் 65 காட்டுது. எதை நம்புறது?

இரண்டும் அதனதன் கணக்கில் சரி. வாகன மீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஓர் உச்சம் இருக்கிறது: உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும், அதற்கு மேல் 4உம். உண்மையில் 50இல் ஓடும் வண்டி 59 வரைக்கும் காட்டலாம். அதனால் கம்பனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. போன் ஜி.பி.எஸ். மூலம் கணக்கிடுவதால் சீரான ஓட்டத்தில் உண்மைக்குக் கிட்ட இருக்கும். ஆனால் வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு விநாடி, சில நேரம் இரண்டு விநாடி பிந்தும்.

சரிபார்க்கும் முறை இது. நேரான, மட்டமான, வெறிச்சோடிய துண்டில் மீற்றர் முள்ளை 60இல் அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனை வாசித்து எழுதட்டும், சாரதி வாசிக்கக் கூடாது. எதிர்த்திசையிலும் ஒரு தடவை செய்யுங்கள். போன் 55க்கும் 60க்கும் இடையில் காட்டினால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. போன் 60ஐவிடக் கூடக் காட்டினால் மீற்றர் குறைத்துக் காட்டுகிறது. அது ஆபத்து. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பெரிய ரயர் போட்டிருக்கு. அதுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

மீற்றர் எண்ணுவது சக்கரம் சுற்றும் தடவையை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் போகும் தூரம் கூடும், மீற்றருக்கு அது தெரியாது. 155/65 ஆர்14 ரயரின் விட்டம் ஏறக்குறைய 557 மி.மீ. அதைக் கழற்றி 165/70 ஆர்14 போட்டால் 587 மி.மீ. நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் வித்தியாசம். முன்பு துல்லியமாக இருந்த மீற்றர் 70 காட்டும்போது வண்டி 74 அளவில் ஓடும். மீற்றரை நம்பி வேலை செய்யும் எச்சரிக்கை எதுவாயினும் அதே அளவு பிந்தும்.

தேய்ந்த ரயர் இதற்கு எதிர்மாறு: மீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதற்காகத் தேய்ந்த ரயரில் ஓடுவது பாதுகாப்பு ஆகிவிடாது.

போன் மட்டும் போதாதா? எந்தச் செயலி?

காருக்கும் வானுக்கும் போதும், ஒழுங்காக வைத்தால். வேஸ், ஒஸ்மாண்ட் இரண்டிலும் வேகம் தாண்டினால் ஒலிக்கும் வசதி உண்டு. கூகுள் மேப்ஸிலும் வேகத்தைத் திரையில் காட்டலாம். வீதியின் எல்லையை அறிந்து ஒலிக்கும் செயலிக்கு அந்த வீதியின் தரவு இருக்க வேண்டும். எண் தோன்றாத துண்டில் அது பேசாமல் இருக்கும், பேசாமல் இருப்பதை ‘சரியாக ஓடுகிறேன்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் நாங்கள் நிலையான எண் ஒன்றை வைக்கும் சாதாரண ஸ்பீடோமீற்றர் செயலியை முதலில் சொல்கிறோம். 50 என்று வைத்தால் 50இல் ஒலிக்கும், தரவு தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் போனின் பற்றரிச் சேமிப்பு. திரை அணைந்ததும் செயலியை அது நிறுத்திவிடும். போன் அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இருப்பிட அனுமதியில் துல்லிய இருப்பிடத்தைக் கொடுங்கள், புளூடூத்தில் பாட்டு ஓடும்போதும் எச்சரிக்கை கேட்கிறதா என்று வண்டியை எடுக்க முன் பாருங்கள்.

போனை நேர் வெயில் படும் டாஷ்போர்ட் மேல் வைத்தால் சூடேறி அணைந்துவிடும். ஏ.சி. காற்று வரும் துளையில் மாட்டும் பிடி நல்லது. பார்வையை மறைக்காமல், எயார்பேக் விரியும் இடத்தில் இல்லாமல் இருக்க வேண்டும்.

செயலி 50 வர வேண்டிய இடத்தில 70 எண்டு காட்டுது. என்ன செய்யிறது?

தரவு பிழை, அல்லது போன் உங்களை வேறு வீதியில் நிற்பதாக நினைக்கிறது. கல்லடியில் பழைய பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போன்ற இடங்களில் ஜி.பி.எஸ். சில மீற்றர் விலகினாலே போதும், மற்றப் பாதையின் எண்ணைக் காட்டிவிடும். இதைத் திருத்த முடியாது.

தரவுப் பிழையைத் திருத்தலாம். ஒஸ்மாண்ட் போன்றவை பயன்படுத்தும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை யாரும் கணக்குத் திறந்து திருத்த முடியும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பலகையைப் படமெடுங்கள், எந்தத் திசையில் போகிறவர்களுக்கான பலகை என்று குறியுங்கள். பிறகு வீட்டில் இருந்து அந்த வீதியைப் பலகை நிற்கும் புள்ளியில் இரண்டாகப் பிரித்து உரிய துண்டுக்கு மட்டும் வேக எல்லையைப் பதியுங்கள். ஊகித்துப் போடாதீர்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து எழுதவும் அவர்கள் விதி இடம் கொடுப்பதில்லை. ஓர் ஊரில் நாலு பேர் பொறுப்பெடுத்தால் அந்த ஊர் வீதி முழுக்கச் சரியாகிவிடும். வெளியில் இருந்து யாரும் வந்து இதைச் செய்து தரப்போவதில்லை.

கண்ணாடியில வேகம் தெரியிற சின்னப் பெட்டி விக்கிறாங்க. வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு வகை என்பதைத் தெரிந்துகொண்டு. ஒன்று ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி பொருத்தியில் (கராஜில் காரின் பழுதைப் பார்க்கக் கருவி செருகும் இடம்) செருகுவது. காரின் சொந்த வேகக் கணக்கை அப்படியே எடுக்கும், தாமதம் குறைவு. மற்றது சிகரெட் லைட்டர் துளையிலோ யுஎஸ்பியிலோ மின் எடுக்கும் ஜி.பி.எஸ். வகை. எந்த வண்டிக்கும் பொருந்தும், புறப்பட்டு முதல் ஒன்றிரண்டு நிமிடம் செய்மதியைத் தேடும்.

ஓபிடி வகையில் வரும் தொல்லைகள்: ஹைபிரிட் கார்களில் எஞ்சின் நிற்கும்போது பெட்டியும் அணைந்து அணைந்து எரியும் (அமைப்பில் ஹைபிரிட் நிலை இருந்தால் மாற்றலாம்). வாரக்கணக்கில் ஓடாத காரில் செருகியே வைத்தால் பற்றரி இறங்கும். செருகியதும் மீற்றரில் புதிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அந்தப் பெட்டி அந்தக் காருக்கு ஆகாது.

கூடவே வரும் ஒளிபுகும் தாளைக் கண்ணாடியில் ஒட்டாவிட்டால் எண் இரட்டையாகத் தெரியும். நடுப்பகலில் எண்ணே தெரியாது, அப்போது சத்தம்தான் துணை. அதனால் வாங்குமுன் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் அதையே போடலாமா?

பெரிய பஸ்ஸும் லொறியும் 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியைக் கொடுத்தால் அன்றே எரியும். பெட்டியில் 12–24 என்று எழுதியிருக்க வேண்டும், வயர் இழுத்தால் தனிப் பியூஸ் போட வேண்டும்.

பஸ்ஸில் அதைவிடப் பெரிய சிக்கல் சத்தம். எஞ்சின் பக்கத்தில், பாட்டும் ஓடும், கண்டக்டர் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சின்னப் பீப் யாருக்கும் கேட்காது. சாரதி கண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கும், பயணிகளுக்கும் கேட்கும் அளவுக்கு ஒரு பஸரும் போடுவது நல்லது. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிறது என்று தெரிந்தால் சாரதியின் கால் தானாக இறங்கும்.

ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏதும் இருக்கா?

முதலில் இருக்கிற மீற்றர் ஓடுகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் முள் பூச்சியத்தில் செத்துக் கிடக்கும் வண்டிகள் ஏராளம். கேபிள் மீற்றரில் முள் துள்ளினால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது மடிந்திருக்கும், அசையாவிட்டால் அறுந்திருக்கும். கேபிள் மாற்றுவது சின்ன வேலை, அதைச் செய்யாமல் வேறெதுவும் வாங்க வேண்டாம்.

அதற்குப் பிறகு, மழை நனையாத 12 வோல்ட் ஜி.பி.எஸ். மீற்றரை ஹாண்டிலில் பூட்டலாம். ஹெல்மெட்டுக்குள் பீப் கேட்காது, பளிச்சென்று மின்னும் விளக்கு உள்ளதாகப் பாருங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி எச்சரிக்கை கேட்பது வேண்டாம், பின்னால் வரும் பஸ் ஹோன் கேட்காமல் போகும். போனை ஹாண்டிலில் நேரடியாகப் பூட்டுவதும் நல்லதல்ல. எஞ்சின் அதிர்வு போன் கமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

ஓட்டோவில் 40 வைக்க வேண்டும். செயலி வீதியின் எண்ணைப் பார்த்து 50, 70 என்று காட்டும், அதற்கு நீங்கள் ஓட்டோ என்று தெரியாது.

ஒவ்வொரு நிமிசமும் கத்துது, தலையிடி. அதால நிப்பாட்டிப் போட்டன்.

எல்லோரும் இங்குதான் வந்து நிற்கிறார்கள். பிழை சத்தத்தில் இல்லை, வைத்த விதத்தில். எல்லை 50, நீங்கள் பழகிய ஓட்டம் 50 என்றால் முள் 49க்கும் 51க்கும் ஆட ஆட ஒலிக்கும். ஓட்டத்தை 45க்கு இறக்குங்கள், எச்சரிக்கையை 50இலேயே விடுங்கள். அன்றைக்கே சத்தம் குறையும். எச்சரிக்கையை 60க்கு ஏற்றி அமைதியாக்குவது எதிர்வழி.

இரண்டு நிலை வைக்கக்கூடிய பெட்டியானால் 50க்கு ஒற்றைப் பீப், 60க்கு நிற்காத சத்தம் என்று வையுங்கள். கண்ட கண்ட எச்சரிக்கைகளை, குறிப்பாக ஓபிடி பெட்டிகளில் வரும் எஞ்சின் சுற்று, களைப்பு நேரம் போன்றவற்றை நிறுத்துங்கள். ஒரே சத்தம் ஒரே காரணத்துக்கு மட்டும் வந்தால்தான் கால் பழகும். தேவையில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் கருவி ஒரு வாரத்தில் காதில் விழாமல் போகும், அப்படியான கருவி இல்லாமலே இருக்கலாம்.

பிரான்ஸ்ல இருக்கிற மச்சான் சொல்றார், அங்க புதுக் கார் எல்லாத்துலயும் கட்டாயமாம். உண்மையா?

உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் இருந்து புதிய மொடல்களுக்கும், 2024 ஜூலையில் இருந்து விற்கும் புதுக் கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம். கமராவும் வரைபடமும் சேர்ந்து எல்லையைக் கண்டுபிடிக்கும். தாண்டினால் ஒலி, அதிர்வு, அக்சிலேட்டர் திருப்பித் தள்ளுவது என்று சில வழிகளில் ஒன்றைக் கம்பனி தேர்ந்தெடுக்கலாம். சாரதி மீறி மிதிக்கவும் முடியும், நிறுத்தவும் முடியும். ஆனால் அடுத்த தடவை வண்டியை எடுக்கும்போது தானாகவே திரும்ப வந்துவிடும். இந்தக் கடைசி விதி நல்ல விதி. உங்கள் செயலியிலும் வண்டி புறப்படும்போது தானாகத் தொடங்கும் தெரிவு இருந்தால் போட்டுவிடுங்கள்.

50க்குப் பதிலா 70ல போனா என்ன பெரிய வித்தியாசம்? பிரேக் நல்லாத்தானே இருக்கு.

காய்ந்த வீதி, நல்ல பிரேக், கண்டு மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 50இல் அந்த ஒன்றரை விநாடிக்குள் 21 மீற்றர் போய்விடும், பிரேக்கில் இன்னும் 14, மொத்தம் 35 மீற்றரில் நிற்பீர்கள். 70இல் 29உம் 27உம், மொத்தம் 56.

35 மீற்றருக்கு அப்பால் பாடசாலைப் பிள்ளை மஞ்சள் கடவையில் இறங்குகிறது என்று வையுங்கள். 50இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறார். 70இல் வந்தவர் அந்த இடத்தை அடையும்போது பிரேக் பிடிக்கத் தொடங்கி ஐந்தாறு மீற்றர்தான் ஆகியிருக்கும், வேகம் இன்னும் 60க்கு மேல். நூற்றுக்கு ஒரு பங்கு சராசரி வேகம் கூடினால் உயிர் போகும் விபத்தின் ஆபத்து நூற்றுக்கு நாலு பங்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நேரம் மிச்சம் என்பார்கள். மட்டக்களப்பில் இருந்து கல்முனை 40 கி.மீ. அளவு. எங்கும் நிற்காமல் சராசரி 50இல் 48 நிமிடம், சராசரி 60இல் 40 நிமிடம். காத்தான்குடி நெரிசலிலேயே அந்த எட்டு நிமிடம் போய்விடும்.

சத்தம் வந்ததும் பிரேக் அடிக்க வேணுமா?

வேண்டாம், பின்னால் வருபவர் மோதுவார். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள், சில விநாடியில் இறங்கிவிடும். முந்திக்கொண்டிருக்கும்போது ஒலித்தால் பதறாமல் முடித்துக்கொண்டு இடது பக்கம் வந்து இறக்குங்கள். 70ஐத் தாண்டாமல் முந்த முடியாத இடம் முந்தக் கூடாத இடம்.

இரவில லாகுகலப் பக்கம் 70 எண்டு காட்டுது. அப்ப 70ல போகலாந்தானே?

70 சட்டத்தின் உச்சம், அந்த நேரத்துக்கு ஏற்ற வேகம் அல்ல. இறக்கிய ஹெட்லைட் ஐம்பது மீற்றர் அளவுக்குத்தான் தெளிவாகக் காட்டும். மேலே சொன்ன 56 மீற்றரை அதோடு வைத்துப் பாருங்கள். அது யானை குறுக்கே வரும் காட்டு வீதி. யானை சாம்பல் நிறம், கண் உயரத்துக்கு மேல் நிற்கும், லைட்டில் மின்னாது. லாகுகலையிலும் புணாணைக் காட்டுத் துண்டிலும் இரவில் 40 போதும். எதிரில் வண்டி இல்லாதபோது ஹெட்லைட்டை ஏற்றி ஓடுங்கள்.

யானை இல்லாத இடத்தில் மாடு. இரவில் சூட்டுக்காக வீதியில் படுத்திருக்கும். அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காய்கிறது, பின் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னால் போகிறது. மாரியில் வீதி நனைந்தால் 70இல் நிற்க 75 மீற்றருக்கு மேல் வேண்டும். இவை எந்த வரைபடத்திலும் இல்லை. இரவுக்கும் மழைக்கும் எச்சரிக்கையைக் கையால் இறக்கி வையுங்கள், நிலையான எண் வைக்கும் செயலியில் அதற்குப் பத்து விநாடி போதும்.

பொலிஸ் பிடிச்சா, மெசின் கத்தல்ல எண்டு சொல்லலாமா?

சொல்லலாம், பயனில்லை. பொறுப்பு சாரதியுடையது.

மகன் புதுசா லைசன்ஸ் எடுத்திருக்கான். அவன் வேகமா ஓடினா வாப்பாட போனுக்கு மெசேஜ் வர வைக்கலாமா?

முடியும். சிம் போடும் ஜி.பி.எஸ். டிராக்கர் ஒன்று தேவை. பெரும்பாலானவற்றில் மூன்று வயர்: பற்றரியின் நிரந்தர மின், பூமி, சாவி திறந்தால் வரும் மின். முதல் வயரில் பியூஸ் கட்டாயம். வேக எல்லையை எஸ்எம்எஸ் கட்டளையாலோ செயலியாலோ வைக்கலாம்.

ஆனால் மகனுக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒளித்துப் போட்டால் கண்டுபிடித்ததும் கழற்றி வைப்பான். மெசேஜ் வந்தவுடன் அவனுக்குப் போன் எடுக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பவன் போனைத் தேடுவது வேகத்தைவிட மோசம். வீட்டுக்கு வந்ததும் எந்த இடம், எத்தனை வேகம் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இது உங்களை எச்சரிக்கும் கருவி, அவனை அல்ல. ஆகவே வண்டிக்குள் அவனுக்குக் கேட்கும் எச்சரிக்கையும் தனியாக வேண்டும். டிராக்கர் சிம்மில் காசு முடிந்தால் மெசேஜ் வராது, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். மாதம் ஒரு தடவை எல்லையை 20இல் வைத்து ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்து, மெசேஜ் வந்த பிறகு திரும்ப 50க்கு ஏற்றிவிடுங்கள்.